வீட்டு ட்ரெட்மில்: எண்ணெயில் தொடங்கி எர்ரர் கோடு வரை

ட்ரெட்மில் நின்றுபோனால் எல்லோரும் முதலில் சொல்வது, "மோட்டார் போயிடுச்சு" என்பதுதான். மோட்டார் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. வீட்டு மெஷின்களில் வரும் கோளாறுகளில் பலவும் பெல்ட்டுக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் தொடங்குகின்றன. எண்ணெய் வற்றினால் பெல்ட் பலகையோடு உரசும். அந்த உரசலையும் மீறி அதே வேகத்தில் இழுக்க மோட்டார் கூடுதல் கரன்ட் எடுக்கும். அந்தக் கரன்ட் முழுவதும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போர்டு வழியாகத்தான் போக வேண்டும். போர்டு சூடாகிச் சூடாகி ஒரு நாள் கருகும். சில நூறு ரூபாய் எண்ணெயோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம், பல ஆயிரம் ரூபாய் பில்லில் வந்து நிற்கும்.

மெஷின் புதிதாக வீட்டுக்கு வந்திருந்தாலும் சரி, வாங்கி வருடக்கணக்காகியும் அதன் அடியில் கை விட்டுப் பார்த்ததில்லை என்றாலும் சரி, இது உங்களுக்குத்தான். எலக்ட்ரிக்கல் வேலை தெரிய வேண்டியதில்லை. மெஷினோடு கொடுத்த ஆலன் கீயை, அதாவது போல்ட் திருகுகிற எல் வடிவக் கம்பியை, தேடி எடுத்து வையுங்கள். பாதி வேலை அதில்தான். எங்கே கை வைக்கக் கூடாது என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது என்ன

முன்பக்க மூடிக்குள் மோட்டாரும் கன்ட்ரோலர் போர்டும் இருக்கும். மோட்டாரிலிருந்து முன் ரோலருக்கு, நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் போட்ட சின்ன ரப்பர் பெல்ட் ஒன்று போகும். அதை டிரைவ் பெல்ட் என்பார்கள். நாம் நடக்கிற பெரிய பெல்ட் முன் ரோலரையும் பின் ரோலரையும் சுற்றி வருகிறது. இரண்டு ரோலருக்கும் நடுவே, பெல்ட்டைத் தாங்கிக்கொண்டு ஒரு பலகை இருக்கிறது. அதுதான் டெக், பெரும்பாலும் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகை, மேலே வழவழப்பான பூச்சு. நாம் ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் நம் எடை பெல்ட்டை இந்த டெக்கின் மேல் அழுத்துகிறது. அழுத்தியபடியே மோட்டார் அதை இழுக்கிறது.

பின் ரோலருக்கு மோட்டார் கிடையாது. அதன் இரண்டு முனையிலும், மெஷினின் பின்புறம் தெரிகிற மாதிரி, இரண்டு போல்ட்டுகள் இருக்கும். பெல்ட்டை இறுக்குவது, நேராக்குவது எல்லாம் இந்த இரண்டு போல்ட்டில்தான்.

இன்னும் இரண்டு சின்னப் பொருட்கள். முன் ரோலர் சக்கரத்திலோ மோட்டார் சக்கரத்திலோ ஒரு குட்டி காந்தம் ஒட்டியிருக்கும். பக்கத்தில் உள்ள சென்சார் அது சுற்றுவதை எண்ணி வேகத்தைப் போர்டுக்குச் சொல்லும். மேலே டிஸ்ப்ளே பக்கம், கயிறு கட்டிய சிவப்புச் சாவி, அதாவது சேஃப்டி கீ; அது கழன்றால் மெஷின் நின்றுவிடும். அதற்குள்ளும் பெரும்பாலும் காந்தம்தான். இந்த இரண்டு காந்தமும் செய்கிற அட்டகாசத்தைப் பின்னால் பார்ப்போம்.

இடமும் பிளக்கும்

சுவரை ஒட்டி, பின்பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி போடாதீர்கள். பெரும்பாலான கையேடுகள் பின்னால் 2 மீட்டர் காலியிடம் கேட்கின்றன. ஃபிளாட்டில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது என்று தோன்றும். ஆனால் தடுக்கி விழுந்தவர் சுவருக்கும் ஓடுகிற பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் தோல் உரியும். மெஷினைக் குறுக்காகத் திருப்பியாவது பின்புறத்தைத் திறந்த பக்கம் பார்க்க வையுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேலை முடிந்ததும் சேஃப்டி கீயை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். இதில் சலுகையே வேண்டாம். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் தன் ட்ரெட் பிளஸ் மாடலைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சுமார் 1,25,000 மெஷின்கள். பின்பக்கத்தில் உள்ளே இழுக்கப்பட்டு 6 வயதுக் குழந்தை ஒன்று இறந்ததும், வேறு பலர் காயப்பட்டதும்தான் காரணம்.

பால்கனி வேண்டாம். மழைச் சாரல் டெக் பலகையை ஊற வைக்கும், வெயில் பெல்ட்டை விறைக்க வைக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலை ஒட்டிய பகுதி என்றால் உப்புக் காற்று போல்ட்டையும் ரோலர் முனையையும் துருப்பிடிக்க வைக்கும். வீட்டுக்குள் அடியில் ரப்பர் மேட் போட்டு, நான்கு காலும் தரையில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். ஒரு கால் தூக்கிக்கொண்டிருந்தால் பெல்ட் ஒரு பக்கமாக ஓடும், சட்டமும் கிறீச்சிடும். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டுவதையும் மேட் கொஞ்ச நாள் தள்ளிப்போடும்.

அடுத்தது கரன்ட். ஃப்ரிட்ஜ், ஏசிக்குப் போடுகிற மாதிரி தனி பவர் பிளக், அதாவது 16 ஆம்பியர் பாயின்ட், இதற்கும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள். மெல்லிய ஒயர் சூடாகும், வோல்டேஜும் இறங்கும். மூன்றாவது பின், எர்த், உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்றால் அன்றோடு நிறுத்திவிட்டு எர்த்தைச் சரி செய்த பிறகுதான் மறுபடி ஏற வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. பெட்டியில் "4 எச்பி பீக்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 1 எச்பி 746 வாட்ஸ். அப்படியானால் 4 எச்பி கிட்டத்தட்ட 3000 வாட்ஸ். ஆனால் அதே மெஷினின் ஒயர் முனையில் சில சமயம் 6 ஆம்பியர் பிளக் இருக்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் தரக்கூடியது 1380 வாட்ஸ். இரண்டு எச்பிகூட இல்லை. பீக் என்பது கணநேரம் எட்டுகிற உச்சம். வாங்கப் போகிறவர்கள் கேட்க வேண்டியது, தொடர்ந்து எத்தனை எச்பி தரும் என்பதை. வீட்டிலேயே அதிக எடை உள்ளவரை வைத்து மெஷினின் எடை வரம்பையும் பாருங்கள். வரம்பை ஒட்டி வாங்கினால் போர்டு நாளும் மூச்சு வாங்கும்.

இன்வர்ட்டர் லைனில் இந்தப் பிளக் இருக்கவே கூடாது. வோல்டேஜ் ஏறி இறங்குகிற பகுதியானால் ஸ்டெபிலைசர் போடலாம். ஏசிக்கு வைக்கிற 4 கேவிஏ மாதிரி தாங்கும். டிவிக்கு வைக்கிற குட்டி ஸ்டெபிலைசர் தாங்காது. நடந்துகொண்டிருக்கும்போது கரன்ட் போனால் பெல்ட் சட்டென்று நிற்கும், நாம் முன்னால் போவோம். கைப்பிடிக்கு எட்டுகிற தூரத்திலேயே நடங்கள். கரன்ட் வரும்வரை சுவிட்சை அணைத்து வையுங்கள்.

துடைப்பது

நடந்து முடித்ததும் கைப்பிடியையும் டிஸ்ப்ளேயையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. பட்டன் இடுக்கில் இறங்கினால் கொஞ்ச நாளில் பட்டன் அமுங்காது. தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை மெஷினுக்கு அடியில் பெருக்குங்கள். மோட்டார் விசிறி தரையில் இருக்கும் தூசியையும் தலைமுடியையும் தான் உள்ளே இழுக்கிறது.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை முன் மூடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். உருவியதும் உடனே திறக்காதீர்கள், ஒரு பத்து நிமிடம் போகட்டும். போர்டில் உள்ள கெபாசிட்டர்கள் 230 வோல்ட்டை டிசியாக்கிச் சுமார் 325 வோல்ட்டாகச் சேர்த்து வைத்திருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும். காத்திருந்த பிறகும் போர்டின் மேல் விரல் வைக்க வேண்டாம். பெயின்ட் பிரஷ் மாதிரி மென்மையான, உலர்ந்த பிரஷ்ஷால் மோட்டாரைச் சுற்றியும் காற்றுத் துளைகளிலும் தூசியைத் தட்டி எடுங்கள், வேக்குவம் இருந்தால் உறிஞ்சுங்கள். போதும்.

திறந்தால் நம்ம ஊரில் தூசி மட்டும் இருக்காது. எறும்புப் புற்று இருக்கும். வெதுவெதுப்புக்கு வந்த பல்லி போர்டின் குறுக்கே விழுந்து ஷார்ட் ஆக்கியிருக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கும். கடிபட்ட ஒயரைக் கண்டால் டேப் சுற்றி ஓட்டிப் பார்க்காதீர்கள், சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

எண்ணெய்

முதலில் கையேட்டைப் பாருங்கள். சில மாடல்களில் டெக்கின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கும். அவற்றுக்கு எண்ணெய் விடக் கூடாது என்றே எழுதியிருப்பார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் 100 சதவீத சிலிகான் ஆயில். ட்ரெட்மில் ஆயில் என்று கேட்டாலே கிடைக்கும்.

வீட்டில் இருக்கிற எண்ணெயை விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் விட்டால் நாள்பட்டுப் பிசுபிசுக்கும், தூசியைப் பிடித்துப் பசையாகும். மார்கழி மாதக் காலையில் பாட்டிலில் உறைகிற மாதிரி டெக்கிலும் உறையும். என்ஜின் ஆயிலும் தையல் மெஷின் எண்ணெயும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. பெல்ட்டின் ரப்பரையும் ஒட்டுப் பசையையும் கெடுக்கும். துரு நீக்க அடிக்கிற டபிள்யூடி 40 ஸ்ப்ரேயும் இதற்கு ஆகாது. அது மிச்சம் இருக்கிற சிலிகானையும் கரைத்துக்கொண்டு போகும்.

எப்போது விடுவது? தினமும் அரை மணி நேரம் ஒருவர் நடக்கிற வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பேர் நடந்தால், ஓடினால், இன்னும் சீக்கிரம். ஆனால் காலண்டரை விட விரலை நம்புவது நல்லது. பிளக்கை எடுத்துவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, கால் அதிகம் படுகிற இடத்தில், அதாவது முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கையை உள்ளே விட்டு டெக்கைத் தடவிப் பாருங்கள். விரலில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் இன்னும் நாள் இருக்கிறது. சொரசொரப்பாக, கறுப்புத் தூள் ஒட்டினால் இன்றைக்கே விட வேண்டும். ஓரத்தில் தடவிப் பார்த்து ஏமாறாதீர்கள். கால் படாத ஓரத்தில் எண்ணெய் எப்போதும் மிச்சம் இருக்கும்.

விடும் முறை இது:

1. பிளக்கை உருவுங்கள். பழைய வேட்டித் துணி மாதிரி நூல் பிரியாத பருத்தித் துணியை, பெல்ட்டுக்கும் டெக்குக்கும் நடுவே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து முன்னும் பின்னுமாக இழுத்துத் துடையுங்கள். கறுப்பாக வருவது பெல்ட்டின் தேய்மானம்.

2. ஒரு பக்க ஓரத்தைத் தூக்கி, பாட்டில் மூக்கை எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு நுழைத்து, கால் படுகிற பகுதி முழுவதும் வளைந்து வளைந்து கோடு போடுகிற மாதிரி விடுங்கள். ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 மில்லி. மறுபக்கமும் அப்படியே.

3. பிளக் போட்டு, மேலே ஏறாமல், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். பிறகு ஏறி, இடமும் வலமுமாகக் காலை மாற்றி வைத்து மெதுவாகக் கொஞ்ச நேரம் நடந்தால் எண்ணெய் பரவும்.

4. ஓரத்தில் பிதுங்கியதைத் துடையுங்கள். தரையில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள். டைல்ஸ் தரையில் சிலிகான் எண்ணெய் மாதிரி ஆளை வழுக்கி விடுகிற பொருள் வேறில்லை.

அதிகம் விட்டால் நல்லது என்று பாட்டிலைக் கவிழ்க்க வேண்டாம். எண்ணெய் ரோலர் வரை போனால் பெல்ட் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். தானாக எண்ணெய் விடும் மாடல்களிலும் விரல் சோதனை உண்டு. குழாய் அடைத்திருந்தால் தொட்டியில் எண்ணெய் அப்படியே இருக்கும், டெக் காய்ந்துபோயிருக்கும்.

பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால்

விட்டுவைத்தால் ஓரம் சட்டத்தில் உரசி நூல் நூலாகப் பிரியும், அப்புறம் பெல்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.

திருகுவதற்கு முன் மார்க்கர் பேனாவால் இரண்டு போல்ட்டின் தலையிலும் சட்டத்திலும் நேராக ஒரு கோடு போட்டுவிடுங்கள். எங்கே தொடங்கினோம் என்று தெரியும். மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டரில் காலியாக ஓட விட்டு, பின்புறம் உட்கார்ந்து பாருங்கள். துப்பட்டா, வேட்டி முனை, தொங்குகிற முடி எதுவும் ரோலர் பக்கம் வரக் கூடாது.

பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால், வலப்பக்க போல்ட்டை வலஞ்சுழியாக, கடிகார முள் போகிற திசையில், கால் சுற்று திருப்புங்கள். இடப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்க போல்ட்டை அதே மாதிரி. எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் இறுக்கு. இதை நினைவில் வைத்தால் போதும். திருப்பியதும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பெல்ட் உடனே நகராது, மெதுவாகத்தான் வரும். இந்த ஒரு நிமிடப் பொறுமை இல்லாமல் இன்னொரு கால் சுற்று, இன்னொரு கால் சுற்று என்று திருகுபவர்கள்தான், கொஞ்ச நேரத்தில் பெல்ட் எதிர்ப்பக்கம் பாய்வதைப் பார்த்துப் பதறுவார்கள். நடுவுக்கு வந்ததும் ஏறி நடந்து பாருங்கள். காலியாக ஓடும்போது நேராக இருந்து, குறிப்பிட்ட ஒருவர் ஏறினால் மட்டும் ஒதுங்குகிறது என்றால், அவர் ஒரு காலில் எடையை அதிகம் போடுகிறார்; போல்ட்டைத் தொட வேண்டியதில்லை.

வழுக்கினால்

காலை ஊன்றியதும் பெல்ட் ஒரு கணம் நின்று, திரும்ப ஓடுகிற மாதிரி இருந்தால் எல்லோரும் செய்வது, பின் போல்ட் இரண்டையும் இறுக்குவது. அதற்கு முன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைத்துவிட்டு, நீளவாக்கில் நடுப்பகுதியில், பெல்ட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். பொதுவாக டெக்கிலிருந்து 5 முதல் 7 சென்டிமீட்டர் எழும்பினால் சரியான இறுக்கம். அதற்கு மேல் எழும்பினால் தளர்வு. இரண்டு பக்கமும் ஒரே அளவு, கால் சுற்று மட்டும் இறுக்கி நடந்து பாருங்கள். மூன்று நான்கு முறைக்கு மேல் இறுக்க வேண்டியிருந்தால் நிறுத்துங்கள்.

இறுக்கிய பெல்ட் நன்றாக ஓடுகிற மாதிரிதான் தெரியும். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் ரோலர் பேரிங் தேயும், மோட்டார் கூடுதலாக இழுக்கும், பெல்ட்டும் நீண்டுபோகும். முதல் பத்தியில் சொன்ன அதே கதைதான், வேறு வழியாக.

இறுக்கம் சரியாக இருந்தும் வழுக்கினால் முன்னால் உள்ள டிரைவ் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது எண்ணெய் அதிகமாகியிருக்கலாம். காலை அழுத்தி ஊன்றும்போது பெல்ட் நின்று, உள்ளே மோட்டார் சத்தம் மட்டும் தொடர்ந்து கேட்கிறதா, கூடவே ரப்பர் கத்துகிற சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் டிரைவ் பெல்ட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூடியைத் திறந்து வைத்து மெஷினை ஓட்டிப் பார்ப்பது வீட்டில் செய்கிற வேலையல்ல, அதை சர்வீஸ் ஆளிடம் விடுங்கள்.

சத்தம்

சத்தம் எங்கிருந்து என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர். வீட்டு மெஷினில் பெல்ட்டின் மொத்தச் சுற்றளவு 2.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்று வர 2 நொடி. ஆகவே இரண்டு நொடிக்கு ஒருமுறை "டொக்" என்று கேட்டால் அது பெல்ட்டில். பெரும்பாலும் ஒட்டு போட்ட இடம், இல்லையென்றால் பெல்ட்டில் ஏதாவது ஒட்டியிருக்கிறது. ரோலர் நாலரை சென்டிமீட்டர் விட்டம் என்றால் அதே வேகத்தில் நொடிக்குப் பத்து முறை சுற்றும். கடகடவென்று எண்ண முடியாத வேகத்தில் வருகிற சத்தம் ரோலரிலோ பேரிங்கிலோ மோட்டாரிலோ. காலை ஊன்றும்போது மட்டும் வந்தால் சட்டத்தின் போல்ட், டெக் ஸ்க்ரூ, அடியில் உள்ள ரப்பர் குஷன் இவற்றைப் பாருங்கள். ஆலன் கீயால் எல்லாவற்றையும் ஒரு சுற்று முடுக்கினாலே பல மெஷின்கள் அமைதியாகிவிடும்.

இதே கணக்கில் டிஸ்ப்ளே காட்டும் வேகம் உண்மையா என்றும் பார்க்கலாம். டேப்பால் பெல்ட்டின் முழுச் சுற்றை அளந்துகொள்ளுங்கள். ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. 5 கிலோமீட்டரில் ஓட விட்டு, ஒரு நிமிடத்தில் கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 2.8 மீட்டர் பெல்ட் 30 முறை வந்தால் 84 மீட்டர். அறுபதால் பெருக்கினால் மணிக்கு 5.04 கிலோமீட்டர். கைக்கடிகாரம் ஒன்றும் மெஷின் ஒன்றும் சொல்கிறது என்று குழம்புகிறவர்கள் இந்த எண்ணிக்கையை நம்பலாம்.

ஓடவே இல்லை என்றால்

லைட்டே எரியவில்லையா? அதே பிளக்கில் அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பாருங்கள். அது சூடானால் பாயின்ட் நல்லது. மெஷினின் ஒயர் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு சுவிட்சும், சில மாடல்களில் அதன் பக்கத்தில் அமுக்கிவிடுகிற சின்ன ரீசெட் பட்டனும் இருக்கும். மூடி மாதிரி ஒளிந்திருப்பதால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. குனிந்து பாருங்கள்.

லைட் எரிகிறது, ஸ்டார்ட் அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது திரையில் சாவி பற்றிய குறியீடு வருகிறது என்றால் சேஃப்டி கீ. சாவியைக் கீழே போட்டால் உள்ளே காந்தம் கழன்றோ உடைந்தோ போகும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தத்தை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். மெஷின் உயிர்பெற்றால் சாவிதான் குற்றவாளி. சோதனைக்கு மட்டும் அது. காந்தத்தை ஒட்டவைத்தே நடந்தால், விழும்போது மெஷினை நிறுத்த யாருமில்லை. புதுச் சாவி வாங்குங்கள்.

எர்ரர் கோடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல மெஷின்களில் ஈ01 என்றால் டிஸ்ப்ளேக்கும் கீழே உள்ள போர்டுக்கும் பேச்சு அறுந்துவிட்டது என்று பொருள். மெஷினை மடக்கும்போதோ மாட்டும்போதோ தூணுக்குள் போகும் ஒயர் நசுங்கியிருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம். வேக சென்சார் கோளாறும், கரன்ட் அதிகமாகிவிட்டதும் தனித்தனி எண்ணில் வரும். உங்கள் கையேட்டில் உள்ள அட்டவணையைப் போன் எடுத்து ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைப் பார்க்காமலே நடத்தையை வைத்துச் சிலவற்றைச் சொல்லலாம். ஸ்டார்ட் ஆனதும் பெல்ட் குதித்துக்கொண்டு ஓடி, சில நொடியில் நின்று எர்ரர் காட்டினால் வேக சென்சார் மேல் சந்தேகம் வரும். காந்தம் விழுந்திருக்கும், அல்லது சென்சார் அதைவிட்டு விலகியிருக்கும். காலியாக நன்றாக ஓடி, ஆள் ஏறினால் திணறினால், முதலில் எண்ணெய். இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்று, ஆறியதும் திரும்ப ஓடினால் சூடு. காற்றுத் துளையில் தூசியோ, மறுபடியும் எண்ணெயோ.

வீட்டு மெயின் போர்டில் எந்த சுவிட்ச் விழுகிறது என்பதையும் பாருங்கள். எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தால் கரன்ட் அதிகம் இழுக்கிறது, அல்லது ஷார்ட். ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்) விழுந்தால் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. விழுகிறதே என்று பெரிய ஆம்பியர் எம்சிபி மாட்டச் சொல்லாதீர்கள். ஒயர் தாங்காத கரன்ட்டை அது விட்டுக்கொண்டே இருக்கும், சுவருக்குள் ஒயர் உருகும்.

புது மெஷினில் முதல் சில நாள் ரப்பர் வாடை வரும், பயமில்லை. பழைய மெஷினில் கருகல் வாடை வந்தால் உடனே பிளக்கை உருவுங்கள்.

இன்க்ளைன், அதாவது டெக்கின் சாய்வு, ஏறவோ இறங்கவோ செய்யாமல் நின்றால் கையேட்டில் கேலிபரேஷன் என்று ஒரு முறை இருக்கும். அதைச் செய்தும் சரியாகாவிட்டால் அதன் தனி மோட்டாரைப் பார்க்க ஆள் வர வேண்டும்.

சர்வீஸ் ஆள் வரும்போது

போனில் "ஓடல" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாடல் எண், எர்ரர் கோடு, காலியாக ஓடுகிறதா, ஆள் ஏறினால்தான் நிற்கிறதா, கடைசியாக எப்போது எண்ணெய் விட்டது, இவ்வளவும் சொன்னால் சரியான பாகத்தோடு வருவார். கன்ட்ரோலர் போர்டு மோட்டாருக்குப் பொருந்த வேண்டும் என்பதால் மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்புவது இன்னும் நல்லது.

போர்டை மாற்றச் சொன்னால், ஏன் போனது என்று கேளுங்கள். டெக் காய்ந்தபடியே இருக்க, புது போர்டு மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். கிளாம்ப் மீட்டர் வைத்து, நீங்கள் நடக்கும்போது மெஷின் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று வேலைக்கு முன்னும் பின்னும் காட்டச் சொல்லலாம். நல்ல ஆள் கேட்காமலே காட்டுவார். டிசி மோட்டார் என்றால் கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் கரன்ட்டைக் கடத்தும் சின்னக் கரித்துண்டு) தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்; மோட்டாரை மாற்றுவதை விட அது மலிவு. பெல்ட் மாற்றும்போது டெக்கையும் தடவிப் பாருங்கள். பூச்சு போய்ப் பள்ளம் விழுந்த டெக்கில் புது பெல்ட் போடுவது வீண். இரண்டு பக்கமும் பூச்சு உள்ள டெக்கானால் திருப்பிப் போட்டுவிடலாம். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரன்டி அட்டையில் பெரிதாகத் தெரிகிற வருடக் கணக்கு அநேகமாக மோட்டாருக்கு மட்டும் இருக்கும். போர்டு, பெல்ட், ஆள் கூலி எல்லாம் எத்தனை நாள் என்று சின்ன எழுத்தில் தேடுங்கள். வாரன்டி இருக்கும்போது மூடியை நீங்களே கழற்றினால் அது செல்லுமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால்

ஊருக்குப் போகிறீர்கள், அல்லது மெஷின் துணி காயப்போடும் கொடியாகிவிட்டது என்றால், பிளக்கை உருவி, உலர்ந்த துணி போர்த்தி வையுங்கள். ஈரத் துணியை அதன் மேல் உலர்த்துவது டிஸ்ப்ளேக்கு ஆகாது. திரும்ப ஓட்டும் நாளில் முதலில் மூடிப் பக்கம் எலிப் புழுக்கை, அறுந்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டெக்கில் விரல் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் காலியாக ஓட விடுங்கள். ஒரே இடத்தில் நின்றிருந்த பெல்ட் ரோலர் வளைவில் மடிந்திருப்பதால் முதலில் கொஞ்சம் தட்தட்டென்று ஓடும். பத்து நிமிடத்தில் அது போய்விட்டால் ஏறி நடக்கலாம்.